முத்துச் சல்லடையும் எட்டாம் வகுப்புக் கணக்கும்

மூன்றாம் வகுப்பு முதற்கொண்டே பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவும் கணக்கீட்டுச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டிலிருந்து கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதனாலோ என்னவோ, இரண்டும் ஒன்றே என்றும், இரண்டுக்கும் வீட்டில் ஒரு கணினி வந்து இறங்கியாக வேண்டும் என்றும் பெற்றோர் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தூத்துக்குடியில் நான் வசிக்கும் மில்லர்புரத்திலேயே, சாயங்கால வேளையில் தெருக்களில் நடந்து போனால், கணக்கு டியூஷன் பலகைகளுக்குப் பக்கத்தில் 'கோடிங்' பலகைகளும் முளைத்திருப்பதைக் காணலாம். பிள்ளை பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறினாலும் பாதகமில்லை, கோடிங்கில் பிந்திவிடக் கூடாது என்ற கவலை தாய் தந்தையரைப் பிடித்திருக்கிறது. கவலை நியாயமானதே, அது போய்ச் சேர்ந்திருக்கும் இடம்தான் சரியில்லை என்பது என் அபிப்பிராயம். கணக்கீட்டுச் சிந்தனை கணக்கு வகுப்பின் சொத்து. அதை அங்கிருந்து பெயர்த்தெடுத்துக் கணினி அறையில் குடிவைப்பது இரண்டு வகுப்புகளுக்கும் நஷ்டம்.

இந்தச் சொற்றொடர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம், ஜானெட் விங் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 2006-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1980-இல், சீமோர் பாப்பர்ட் தம் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில், கணினிக்குக் கட்டளை எழுதிப் பழகும் குழந்தை கணிதத்தைத் தாய்மொழி போல் பேசக் கற்றுக்கொள்ளும் என்ற தம் கனவை விவரித்திருந்தார். கனவுகளையும் கொள்கை அறிக்கைகளையும் சற்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளிது: ஒரு கணக்குக்கு விடை கண்டதோடு நின்றுவிடாமல், அவ்விடையைக் கண்ட வழியையே ஒரு பொருளாக எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதன் படிகளை வேறொருவர் பிழையின்றிப் பின்பற்றும்படி எழுதி, எந்தப் படி எதற்காக அங்கே நிற்கிறது, வரிசை மாறினால் என்ன ஆகும், அது என்றைக்காவது முடியுமா, எந்த இடத்தில் ஏமாற்றும், இதைவிடக் குறைந்த உழைப்பில் காரியம் முடிக்க வழியுண்டா என்றெல்லாம் விசாரிப்பதுதான் அது.

இந்த விசாரணைக்கு யந்திரம் வேண்டியதில்லை என்பதற்கு எங்கள் கடற்கரையிலேயே நல்ல சாட்சியம் உண்டு. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்து ஓய்ந்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று முதியவர்கள். குளித்தெடுத்த முத்துக்களுக்கு விலை வகுத்த முறையைப் பற்றி இங்கே பேச்சு அதிகம் எழுவதில்லை. வளைகுடாவின் இருகரை வியாபாரத்திலும் முத்து மதிப்பிடுகிறவர்கள் பித்தளையில் செய்த பத்துச் சிறு சல்லடைகளை வைத்திருந்தார்கள். பெட்டி என்று அவற்றுக்குப் பெயர். பத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. துளைகளின் எண்ணிக்கையில்தான் வேற்றுமை. முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. ஒரே பரப்பில் துளைகள் பெருகப் பெருக ஒவ்வொரு துளையும் சிறுக்கும் அல்லவா? ஆகவே, 20 துளைப் பெட்டியிலேயே விழாமல் தங்கியவை பருமுத்துக்கள். அதில் நழுவி 30-இல் தங்கியவை அடுத்த தரம். இப்படியே வரிசையாகப் பத்துப் பெட்டிகளையும் கடந்தால், கூடை நிறைய ஒன்றாய்க் கொட்டிக் கிடந்தவை தத்தம் பருமனுக்கேற்பத் தாமாகவே பிரிந்து நிற்கும்.

பிரித்த பிறகுதான் கணக்கு. சென்னை வியாபாரத்தைப் பற்றிய 19-ஆம் நூற்றாண்டின் வணிகக் கைநூல்கள் அதற்கொரு விதியைத் தருகின்றன. ஒரு தொகுதியிலுள்ள முத்துக்களின் மொத்த எடையை மஞ்சாடியில் நிறுத்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததில் முக்கால் எடுத்து, அதை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அத்தொகுதியின் மதிப்பெண். 'சௌ' என்று அந்நூல்கள் அதைக் குறிக்கின்றன. ஒரு சௌவுக்கு இத்தனை என்று சந்தையில் விலை பேசப்படும். எடையை ஏன் எடையாலேயே பெருக்க வேண்டும்? 40 மஞ்சாடி எடையில் 40 முத்து இருந்தால் மதிப்பு 30. அதே எடையில் 20 முத்தே இருந்தால் 60. எடை மாறவில்லை, முத்து பெருத்தது, மதிப்பு இரட்டித்தது. பெரிய முத்து எடைக்கேற்ற விகிதத்தில் மட்டுமல்லாமல் அதற்கு மேலும் விலை பெறும் என்ற சந்தை அனுபவத்தை ஒரு வர்க்கத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

இனி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்கலாம்: சலிக்காமலே விதியைப் பிரயோகித்தால் என்ன கெட்டுப்போகும்? கணக்கின் எளிமைக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. ஒரு முத்து, 4 மஞ்சாடி; அதன் மதிப்பு, 16-இல் முக்கால், அதாவது 12. வேறு நான்கு சிறு முத்துக்கள், நான்கும் சேர்ந்து 4 மஞ்சாடி; 16-இல் முக்காலை நாலால் வகுக்க 3. தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டினால் 15. இவ்வைந்தையும் ஒரே குவியலாக்கி நிறுத்துப் பாருங்கள்: எடை 8, அதன் வர்க்கம் 64, முக்கால் எடுத்தால் 48, ஐந்தால் வகுத்தால் 9.6. முத்து ஒன்றும் குறையவில்லை, எடை குறையவில்லை, மதிப்பில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்! எந்த எண்களைப் போட்டுப் பார்த்தாலும், சராசரி எடை வேறுபட்ட இரு தொகுதிகளைக் கலந்தால் இவ்விதி மதிப்பைக் குறைத்தே காட்டும், ஒருபோதும் கூட்டாது. சராசரி சமமாக இருந்தால் மட்டுமே கூட்டுத்தொகை பிசகாமல் நிற்கும். கலந்து விற்பவன் தோற்பான், கலந்ததை மலிவாய் வாங்கிப் பிரித்து விற்பவன் கொழிப்பான். பெட்டி என்னும் கருவி, பின்னால் வரப்போகும் விதி ஒருவரையும் வஞ்சிக்காமல் இருப்பதற்கான முன்னேற்பாடாகவும் அமைந்துவிடுகிறது. கல்லூரிக்குப் போகிறவன் இதைக் கோஷி-ஷ்வார்ட்ஸ் சமனின்மை என்று ஒருநாள் படிப்பான்; எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாறு எண்களைப் போட்டுப் பார்த்து, இது எப்போதும் இப்படித்தானா என்று சந்தேகப்பட்டால் அதுவே போதும்.

முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் என்ற பழைய பல்லவியைப் பாடுவதற்காக இதை நான் எடுக்கவில்லை. அந்தப் பல்லவிக்கு மறுப்பாகவும் நம்மிடமே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய ஜான் வாரன் 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்ற நூலில், தாம் புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதுகிறார். அம்மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்து வைத்திருந்த அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, காகிதமும் எழுதுகோலும் இல்லாமல் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த அந்தக் கிரகணத்துக்கு அவர் சொன்ன காலம் ஆரம்பத்தில் 4 நிமிஷமும், மத்தியில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. நூற்றாண்டு ஒன்று கழிந்து, விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர் 1952-இல் தமிழர் வானசாஸ்திரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இந்த முறையின் வேர்களைப் பாபிலோனியக் கணிதம் வரையில் தேடிச் சென்றார். அவர் வியந்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் வாரன் இன்னொன்றையும் குறித்திருக்கிறார்: கிரகணம் ஏன் நிகழ்கிறது என்ற சித்தாந்தத்தில் அந்தக் கணிதருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. படிகள் அத்தனையும் அவர் கைவசம். முடிவுக் காலம் 52 நிமிஷம் பிசகியபோது எந்தப் படியில் போய்த் திருத்துவது என்பது மட்டும் அவருக்கு எட்டாத விஷயம்.

நம் பள்ளிக்கூடங்களில் வகுத்தல் கற்கும் பிள்ளையின் நிலையும் இதுவே. நீள் வகுத்தலைவிடச் சிக்கலான படிமுறை தொடக்கப் பள்ளியில் வேறெதுவும் கிடையாது. மதிப்பிடு, பெருக்கு, கழி, அடுத்த இலக்கத்தை இறக்கு, மறுபடி தொடங்கு என்று சுழன்று சுழன்று வரும் அந்தக் காரியத்தை ஒரு சடங்கைப் போலவே நாம் சொல்லிக் கொடுக்கிறோம். 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால், 6-இல் 6 ஒரு தரம், 1-இல் 6 போகாது, 12-இல் 6 இரண்டு தரம் என்று ஒழுங்காக உருப்போட்டுவிட்டு 12 என்று விடை எழுதும் பிள்ளைகளை எந்தக் கணக்கு ஆசிரியரும் அறிவார். போகாத இடத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்று மறுபடியும் ஒரு விதியைச் சேர்த்துக் கண்டிப்பது ஒரு வைத்தியம். 600-ஐ 6-ஆல் வகுத்தாலே 100 வருமே, 612-க்கு எப்படி அப்பா 12 வரும் என்று கேட்டு, படிமுறையில் எந்தப் படி நழுவியது என்று பிள்ளையையே தேட வைப்பது வேறொரு வைத்தியம். இரண்டாவதைத்தான் கணக்கீட்டுச் சிந்தனை என்று நான் சொல்லுகிறேன். கோடிங் வகுப்பில் சொன்ன கட்டளைகளை அப்படியே தட்டச்சிட்டு, பூனைப் படம் திரையில் நகர்ந்ததும் கைதட்டிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, சோழிகூட இல்லாத பஞ்சாங்கக்காரர்.

தமிழ்நாட்டில் இதற்கான கதவு திறந்தே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் வெளிவந்து, கணக்கீட்டுச் சிந்தனைக்குப் பள்ளிப் பருவம் முழுவதும் முக்கியத்துவம் தர வேண்டும் என்று கூறுவதற்கு முன்பாகவே, 2018-இலும் 2019-இலும் வெளிவந்த நம் மாநிலப் புதிய பாடநூல்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயலைச் சேர்த்துவிட்டன. எண்கோவைகளை மர வரைபடமாக விரிப்பது, ஒன்றும் விட்டுப்போகாமல் முறையாகப் பட்டியலிடுவது, பாய்வுப் படம், அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி வரைபடத்துக்கு நிறமிடுவது, ஃபிபனாச்சி எண்கள், சீசர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் இரகசிய எழுத்துமுறை என்று நல்ல நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக் கழித்தே கண்டுபிடிக்கும் யூக்ளிட்டின் வழியும் இருக்கிறது. 42, 30 என்று தொடங்கினால், 12, 30. பிறகு 12, 18. பிறகு 12, 6. கடைசியில் 6, 6. இந்த வழி எப்போதும் முடிந்தே தீரும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்டாரானால், ஒவ்வொரு தடவையும் எண் குறைகிறது, ஒன்றுக்குக் கீழே போக இடமில்லை என்று ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து பதில் வரும். படிகளைச் செய்வதற்கும் படிகளைப் பற்றி யோசிப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தப் பிள்ளை அந்த ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு எழுதிய அறிக்கை, குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் கணிதக் கல்வியின் முதன்மையான நோக்கம் என்று கூறியதன் பொருள் இதுவென்றே நான் கொள்ளுகிறேன்.

இந்த நல்ல இயல் எட்டாம் வகுப்போடு மாயமாகிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தகவல் செயலாக்கம் என்ற இயலே கிடையாது. பத்தாம் வகுப்பில் யூக்ளிட்டின் வகுத்தல் வழிமுறை எண்களும் தொடர்வரிசைகளும் என்ற இயலுக்குள் ஒரு பகுதியாகத் தலைகாட்டிவிட்டு மறைகிறது. பிறகு பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு மட்டும், கூறு போடுதல், நுண்மையாக்கம், சுழற்சி, தற்சுழற்சி என்று அதே சரக்கு இரண்டு வருஷ இடைவெளிக்குப் பின் புதிய சரக்கைப் போல வந்து சேருகிறது. வணிகவியலுக்கும் தொழிற்கல்விக்கும் போனவர்களுக்கு அதுவும் இல்லை. எட்டாம் வகுப்பில் வரைபடத்துக்கு நிறம் தீட்டிய பெண், பத்தாம் வகுப்பில் தேற்றங்களை உருப்போட்டுவிட்டு, பதினொன்றில் 'படிமுறை என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்கிறாள்.

உள்ள மூன்று வகுப்புகளிலும் அந்த இயலின் கதி சொல்லும்படியாக இல்லை. பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, கணக்குப் புத்தகத்தோடு வந்தபோது, அந்த இயலைத் திறந்து, இதை நடத்திவிட்டார்களா என்று கேட்டேன். "இல்ல தாத்தா, அது கடைசிப் பாடம்லா, பரிச்சைக்கு ஒண்ணும் வராதுன்னு டீச்சர் நீங்களே வாசிச்சுக்கோங்கன்னுட்டாங்க" என்றாள். ஆசிரியரை நான் குறைசொல்ல மாட்டேன். இயற்கணிதமும் வடிவியலும் முடியாமல் கிடக்க, பருவத் தேர்வு வாசலில் நிற்க, விளையாட்டுப் போலத் தோன்றும் ஓர் இயலுக்கு எந்த ஆசிரியரால் நான்கு பீரியட் ஒதுக்க முடியும்? அதை நடத்தும் விதத்தை அவருக்கு யாரும் உட்கார்ந்து காட்டியிருக்கப் போவதும் இல்லை. கூட்டலும் கழித்தலுமே தகராறாக இருக்கும் வகுப்பில் இந்த நூதனங்கள் எதற்கு என்று சில தலைமையாசிரியர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள ஆதங்கம் உண்மையானது. அடிப்படை எண்ணறிவுக்காக அரசாங்கமே 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. ஆயினும், மேலே கண்ட மீப்பெரு பொதுக் காரணி விளையாட்டில் கழித்தலைத் தவிர வேறு வித்தை ஒன்றும் இல்லை. பத்துக் கழித்தல் கணக்கு கொடுத்தால் முகஞ்சுளிக்கும் பிள்ளை, இந்த விளையாட்டில் தன்னையறியாமல் முப்பது கழித்தல் போட்டுவிடும்.

கணினி போதாது என்ற ஆட்சேபம் இன்னும் பலவீனமானது. எங்கள் ஊர் உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாய் மாற்றும் தொழிலாளி, அடர்த்திமானியில் டிகிரி பார்த்து, ஏறத்தாழ 25-ஐ எட்டும்வரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு விட்டுக்கொண்டே போய், எட்டியதும் உப்பு விளையும் பாத்தியில் நிறுத்தி, 30-ஐ நெருங்கினால் உப்பு கசந்துபோகும் என்று மிச்ச நீரை வெளியேற்றிவிடுகிறார். 'அதுவரை திரும்பச் செய்', 'இப்படியானால் இதைச் செய்' என்ற இரண்டு கட்டளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாய்வுப் படம் எந்தக் கணினி நூலிலும் நான் பார்த்ததில்லை. அப்பா உப்பளத்துக்குப் போகும் பிள்ளை அதைக் கரும்பலகையில் வரைந்துவிடும், அருகே அமர்ந்திருக்கும் துறைமுக உத்தியோகஸ்தர் பிள்ளைக்கு அது சொல்லியும் கொடுக்கும்.

தேசியக் கல்விக் கொள்கையில் கணக்கீட்டுச் சிந்தனை என்ற வார்த்தை இருப்பதாலேயே அதை ஐயத்தோடு பார்க்கிறவர்களும் நம்மிடம் உண்டு. கொள்கையின் மற்ற அம்சங்களைப் பற்றிய சர்ச்சை வேறு; 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டும்விட்டது. நம் பாடநூல் முதலில் செய்ததை டில்லி பிறகு சொன்னது என்பதற்காக நாம் கைவிட வேண்டியதில்லை. இங்கிலாந்து 2014-இல் செய்ததைப் போலக் கணிப்பியலைத் தனிப் பாடமாக்குவது கவர்ச்சியானதுதான். தனிப் பாடம் என்றால் தனி ஆசிரியர், தனிப் புத்தகம், தனி அறை, அவற்றுக்கான தனி டெண்டர். பன்னாட்டு பிசா தேர்வே தன் 2022-ஆம் ஆண்டுச் சுற்றில் கணக்கீட்டுச் சிந்தனையைக் கணிதத்தின் சட்டகத்துக்குள் கொண்டுவந்துவிட்ட பிறகு, அதைக் கணிதத்திலிருந்து பிரித்துக்கொண்டு போவது எனக்குப் பின்னோக்கிய நடையாகப் படுகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒன்பதிலும் பத்திலும் தகவல் செயலாக்க இயலைத் தொடர வேண்டும். இடம் வேண்டுமென்றால், ஒரே மாதிரிக் கணக்குகளை எண் மாற்றி எண் மாற்றிப் போடும் பயிற்சிப் பக்கங்களில் சிலவற்றைத் தியாகம் செய்யலாம். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வின் நூறு மதிப்பெண்ணில் ஒரே ஒரு வினாவாவது, விடையைக் கேளாமல் வழியைக் கேட்க வேண்டும். ஒரு மாணவன் போட்ட வகுத்தலை அச்சிட்டு, எந்தப் படியில் பிசகினான், விடை தவறு என்பதை வகுத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாம். அல்லது மேலே சொன்ன முத்து விதியைத் தந்து, கலப்பதற்கு முன்பும் பின்பும் மதிப்பைக் கணக்கிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் கூறு என்று கேட்கலாம். கேள்வித்தாளில் வந்துவிட்டால் அடுத்த ஜூனிலேயே எல்லாப் பள்ளியிலும் பாடம் நடந்துவிடும். நம் நாட்டில் பாடத்திட்டத்தை உண்மையில் எழுதுகிறவர் வினாத்தாள் தயாரிப்பவரே.

இப்படிப்பட்ட வினாவுக்கு ஒரே விடை கிடையாதே, திருத்தும் முகாமில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு எப்படி மதிப்பெண் போடுவது என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். தமிழ்த் தாளில் கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே கட்டுரையையா எழுதுகிறார்கள்? அதற்கு முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை, பிழையின்மை என்று பங்கு பிரித்து ஆண்டுதோறும் திருத்திக்கொண்டுதானே இருக்கிறோம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதே முகாமில், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்கு ஆசிரியர்களுக்கும் படிகளுக்கு இரண்டு, காரணத்துக்கு மூன்று என்று ஒரு பங்கீட்டை அச்சிட்டுக் கொடுக்கலாம்.